லிஃப்ட்காரன் காலுக்குத் தெரியும்

ஜோகுபாளையம்
6-1-2025, திங்கள்

டேய் மச்சான் கோவிந்தராஜா,

இங்க நான் குண்டா இருக்கேன். உங்க அக்கா சரசு சௌக்கியமா இருக்கா. அங்க நீயும் என்னை மாதிரியே குண்டா இருப்பேங்கற நம்பிக்கையில எழுதறேன்.

ஃபோன் இருக்கறப்ப இந்தக் கிழவன் ஏன் லெட்டர் போடறான்னு யோசிப்பே. ஃபோன்ல உன்னைக் கூப்பிட்டா உங்க அக்கா பிடுங்கிக்கறா, ஒரு மணி நேரத்துக்குத் திருப்பித் தர்றதில்ல. வாட்ஸப்புல எழுதினா உன் மருமக பிரபா படிச்சுட்டு சிரிக்குது. அதனாலதான் இன்லண்டு லெட்டர். நாக்கால நக்கி ஒட்டிட்டேன், நீ ஒருத்தன்தான் பிரிக்கணும். அஞ்சாங்கிளாஸ் தமிழ்தான் எனக்கு. தப்பு இருந்தா உன் ஹெட்கிளார்க் புத்தியக் காட்டி சிவப்பு மையில சுழிச்சு அனுப்பாதே.

விஷயத்துக்கு வரேன். சனிக்கிழமை ஆஸ்பத்திரில அந்த டயட் பொண்ணு பார்கவி நம்ம ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சு வாங்கு வாங்குன்னு வாங்குச்சே, அதைத்தான் ரெண்டு நாளா நினைச்சுட்டிருக்கேன். நான் தொண்ணூத்திரெண்டு கிலோ. நீ எம்பத்திநாலு. ப்ராஸ்டேட்ல கேன்சர் வர்றதுக்கு முன்னாடி நான் எழுபத்தஞ்சுடா! மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டாங்க, நோயி அடங்கிப் போச்சு, ஊசி மட்டும் சதையா மாறி உடம்புல உக்காந்துகிச்சு. நெஞ்சைப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு. சரசு ஜாக்கெட்டு கூட எனக்குப் பத்தாது. உனக்குக் கழுத்துல கட்டி வந்து கீமோ போட்டாங்க, கூடவே ஸ்டீராய்டு மாத்திரை. மூஞ்சி பூரி மாதிரி உப்பிகிச்சு. கேன்சர் போயிடுச்சு, பூரி போகல.

முப்பத்திநாலு வருசம் கவர்மெண்ட் ஆபீசு லிஃப்டுல ஸ்டூல் போட்டு உக்காந்து ஊரையே ஏத்தி இறக்கினவன் நான். ஒரு ஆளு உள்ள கால வச்சா என் காலுக்கு அவன் எத்தனை கிலோன்னு தெரியும். பியூனுங்க என்கிட்ட டீ பந்தயம் கட்டித் தோத்துப் போவானுங்க. அப்படிப்பட்டவன் உடம்பே இப்ப ஏறுது, இறங்க மாட்டேங்குது.

அதனால ஒரு பந்தயம். இந்த ஜனவரியிலருந்து மார்ச் கடைசில வர்ற யுகாதி வரைக்கும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை காலையில வெறும் வயித்துல எடை பாக்கணும், மறைக்காம எழுதணும். யாரு ஜாஸ்தி இறக்கறானோ அவன் ஜெயிச்சான். தோத்தவன் யுகாதி அன்னிக்கு மீசைய வழிக்கணும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல குறையக் கூடாது, பட்டினி கிடக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னதை மறந்துடாதே. நான் மறக்கறேன், நீ மறக்காதே.

என் மீசைக்கு வயசு ஐம்பது. ஜாக்கிரதை.

உன் மாமா,
கிருஷ்ணப்பா


வைட்ஃபீல்ட்
20-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க லெட்டர் கிடைச்சது. வாசல் செக்யூரிட்டி லெட்டரைப் பாத்துட்டு, 'சார், கோர்ட் நோட்டீஸா'ன்னு கேட்டாரு. இந்த அபார்ட்மெண்டுக்கு மனுஷன் கையால எழுதின லெட்டர் வந்து அவர் பாத்ததே இல்லையாம்.

பந்தயத்துக்குச் சம்மதம். ஆனா மாமா, என் மீசை கீமோவுல கொட்டிப் போய் மறுபடி முளைக்க பத்து மாசம் ஆச்சு. அதைப் போய் பணயம் வைக்கச் சொல்றீங்களே, நியாயமா? பரவாயில்ல. நீங்க ஜெயிக்கப் போறதில்லைங்கற தைரியத்துல ஒத்துக்கறேன்.

நேத்து எடை எம்பத்திரெண்டரை. காலையில கிளப் ஹவுஸைச் சுத்தி நாலு ரவுண்டு நடக்கறேன். பிரபா பயறு, முட்டை, காய் எல்லாம் பார்கவி மேடம் குடுத்த லிஸ்ட் பிரகாரம் அளந்து வைக்குது. நான்தான் பாதியை மிச்சம் வைக்கறேன். பசியே எடுக்கறதில்ல. இதுக்கு முன்னாடி இப்படி இருந்தது இல்ல, மனசு வச்சா வயிறும் கேக்குது போலிருக்கு.

ஒரு சந்தேகம் மாமா. உங்களுக்குத் திடீர் திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்த்துக் கொட்டும்னு அக்கா சொல்லுவாங்களே, எனக்கும் பத்து நாளா அது இருக்கு. விடியக்காலம் எழுந்தா பனியன் பிழியற மாதிரி நனைஞ்சிருக்கு. இது வர்றதுதானா? டாக்டர்கிட்ட அடுத்த செக்கப் மே மாசம்தான். பையன் ராஜேஷ்கிட்ட சொன்னா லீவு போட்டு இழுத்துட்டுப் போவான், பாவம், ஆபீசுல அவனுக்கு நெருக்கடி.

அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க.

அன்புடன்,
கோவிந்தராஜன்


ஜோகுபாளையம்
27-1-2025

டேய் அயோக்கியா,

பதினஞ்சு நாள்ல ஒண்ணரைக் கிலோவா? நான் நூறு கிராம் நூறு கிராமா எண்ணிக்கிட்டிருக்கேன்டா இங்க! நேத்து தொண்ணூத்தி ஒண்ணரை. முள்ளு அசையறதுக்கு முன்னாடி மெஷினைக் கும்பிடறேன், பனியனைக் கழட்டறேன், மூச்சை இழுத்துப் பிடிக்கறேன். சரசு சொல்றா, "பல்செட்டையும் கழட்டி வச்சுட்டு நில்லுங்க"ன்னு. கழட்டினேன். ஒரு பிரயோஜனமும் இல்ல.

காலையில அல்சூர் ஏரியப் பாக்கப் போறேன். நடக்கறதுக்குத்தான் போறேன், பாதி நேரம் பெஞ்சுல உக்காந்து நடக்கறவங்களைப் பாக்கறேன். மத்தியானம் ராகி முத்தே, அதான் களி, கூட கீரைச் சாறு. ஒரு உருண்டைதான். ரெண்டாவது கேட்டா உங்க அக்கா, "என் தம்பி கேக்கறானா?"ங்கறா. வீட்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் பேருதான். என் தம்பி நாலு ரவுண்டு. என் தம்பி முட்டை வெள்ளைக் கரு. என் தம்பி, என் தம்பி. நாப்பத்தாறு வருசமா சம்பளம் குடுத்து வச்சிருக்கேன், இப்ப உன் கட்சி!

வேர்வை விஷயம். அடே பைத்தியக்காரா, அது கேன்சரைப் பாஸ் பண்ணவங்களுக்குக் குடுக்கற சர்டிஃபிகேட்டு. எனக்கு ஒரு நாளைக்கு எட்டு தடவை வருது. பொம்பளைங்களுக்கு வர்ற சூடுதான். உங்க அக்காவுக்கு ஐம்பது வயசுல அது வந்தப்ப நான் கிண்டல் பண்ணினேன். இப்ப அவ விசிறிய எடுத்துட்டு வந்து எதுர்ல உக்காந்து சிரிக்கறா. உனக்கும் வந்துடுச்சுன்னா நம்ம சங்கத்துல நீயும் மெம்பர் ஆயிட்டே. இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட ஓடினே, ஆஸ்பத்திரியே சிரிக்கும். டவல் ஒண்ணு தலைமாட்டுல வச்சுக்கோ, போதும்.

அப்புறம், பசி எடுக்கலன்னு பெருமை வேற. எனக்கு முத்தே தின்னு முடிக்கும்போதே அடுத்த வேளைப் பசி வருது. கடவுள் உங்க குடும்பத்துக்கு மட்டும் தனியா எழுதறான்.

வயிறு எரியுது. வேற ஒண்ணுமில்ல.

கிருஷ்ணப்பா


வைட்ஃபீல்ட்
3-3-2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் போட ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. கொஞ்சம் அசதி. நடை அதிகமாயிடுச்சுன்னு நினைக்கறேன், இப்ப ரெண்டு ரவுண்டோட நிறுத்திக்கறேன்.

வேர்வை சமாச்சாரத்துக்கு நீங்க எழுதினதைப் படிச்சதும்தான் நிம்மதியா இருந்தது. பிரபா தலையணை உறையைப் பாத்துட்டுக் கேட்டுது. 'இது சர்டிஃபிகேட்மா, எங்க மாமாவுக்கும் இருக்கு'ன்னு சொல்லிட்டேன். அதுவும் சிரிச்சுட்டுப் போயிடுச்சு.

நேத்து எடை எழுபத்தொம்பது. நீங்க எவ்வளவு? தொண்ணூறுக்குக் கீழ வந்துட்டீங்கன்னு அக்கா ஃபோன்ல சொன்னாங்க. அவங்க குரல்ல எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உங்ககிட்ட காட்டிக்க மாட்டாங்க. மாமா, பந்தயம் கிடக்கட்டும், நீங்க விட்டுடாம நடங்க. பார்கவி மேடம் சொன்ன வேகத்துல சரியா போறது நீங்கதான்.

வர்ற ஞாயித்துக்கிழமை மெட்ரோ பிடிச்சு அங்க வரேன். அக்கா கையால சாப்பிட்டு ரொம்ப நாள் ஆச்சு.

அன்புடன்,
கோவிந்தராஜன்


ஜோகுபாளையம்
10-3-2025, திங்கள்

ஏ திருட்டுப் பயலே,

நேத்து நீ வந்துட்டுப் போனதிலருந்து எனக்குச் சோறு இறங்கல. (சந்தோஷப்படாதே, முத்தே இறங்குது.)

வாசல்ல நீ வந்து நின்னதும் உங்க அக்கா என்ன சொன்னா? "என் தம்பி மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டான்!" நான் பக்கத்துலதான் நிக்கறேன். நாப்பத்தாறு வருசம் முன்னாடி மாப்பிள்ளையா வந்தவன் நான்! உனக்குக் கோழிக் குழம்பு, எனக்கு அவரைக்காய். நீ ரெண்டு துண்டு தின்னுட்டு தட்டைத் தள்ளிட்டே. அந்த மீதித் துண்டுங்களை நான் பாத்த பார்வையை உங்க அக்கா பாத்துட்டா, தட்டையே தூக்கிட்டுப் போயிட்டா.

சரி, அதை விடு. சாயங்காலம் உன்னை மெட்ரோ ஸ்டேஷன்ல விட வந்தேன் இல்ல? படி ஏற முடியல, லிஃப்டுல போலாம்னே. முதல்ல நான் ஏறினேன். அப்புறம் நீ கால வச்சே.

மச்சான், எனக்குப் படிப்பு வராது. எடை வரும். நீ எழுதினது எழுபத்தொம்பது. என் காலுக்கு வந்தது எழுபத்திரெண்டு. ஒரு கிலோ இப்படி அப்படி இருக்கும், ஏழு கிலோ தப்பாது. பேண்டை பெல்ட்டுல சுருட்டிப் பிடிச்சிருக்கே, பெல்ட்டுல ஆணியால புது ஓட்டை போட்டிருக்கே, அதெல்லாமும் பாத்தேன். மேல போய் உன்னை ட்ரெயின் ஏத்தி விட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பன்னெண்டு கிலோடா! ரெண்டு மாசத்துல!

உன் திட்டம் எனக்குப் புரிஞ்சு போச்சு. கம்மியா இறங்கற மாதிரி எழுதி என்னை மெத்தனமா விட்டுட்டு, யுகாதி அன்னிக்கு திடீர்னு மெஷின்ல ஏறி நின்னு என் மூஞ்சியக் கிழிக்கப் பாக்கறே. இல்லேன்னா பட்டினி கிடக்கறே. இல்லேன்னா ஏதோ பொடி வாங்கித் தின்னறே, அந்த டிவில வர்றது. எதுவா இருந்தாலும் போங்குதான். வாரத்துக்கு அரைக் கிலோன்னு அந்தப் பொண்ணு சொல்லும்போது நீயும் தலைய ஆட்டினே.

உன் வீட்டு மெஷினை நான் நம்ப மாட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நம்ம கீமோ வார்டு நர்ஸ் ஆஞ்சலா இருக்காங்க இல்ல, அவங்க முன்னாடி மெஷின்ல ஏறு. எடையைச் சீட்டுல எழுதி அவங்க கையெழுத்து வாங்கி எனக்கு அனுப்பு. அந்தம்மா பொய் சொல்லாது. ஊசி வலிக்கும்னா வலிக்கும்னே சொல்லும்.

சீட்டு வரல, நீ தோத்தேன்னு அர்த்தம். நானே சவரக் கத்தியோட வைட்ஃபீல்டுக்கு வருவேன்.

வயித்தெரிச்சலோட,
கிருஷ்ணப்பா


வைட்ஃபீல்ட்
18-3-2025

மாமாவுக்கு,

நேத்து போனேன். உங்க கால் எழுபத்திரெண்டு சொல்லுச்சு. ஆஞ்சலா சிஸ்டர் மெஷின் எழுபத்தொண்ணே முக்கால் சொல்லுச்சு. உங்களை ஆபீசுல முப்பத்திநாலு வருசம் வச்சிருந்தது வீண் போகல.

பொய் எழுதினது உண்மைதான். ஆனா நீங்க நினைச்ச காரணம் இல்ல. மொதல் லெட்டருக்கே நீங்க அவ்வளவு வயிறு எரிஞ்சீங்க. நிஜத்தை எழுதினா, 'போடா, இவனை எங்க பிடிக்கறது'ன்னு நடையை விட்டுடுவீங்கன்னு பயந்தேன். அதான் போன லெட்டர்ல ஆறேழு கிலோ சேர்த்து எழுதினேன்.

சீட்டுல கையெழுத்துப் போடச் சொன்னதும் சிஸ்டர் சிரிச்சாங்க. அப்புறம் என் ஃபைலை எடுத்துப் பழைய எடையைப் பாத்தாங்க. சிரிப்பு நின்னுடுச்சு. பேனாவைக் கீழ வச்சுட்டாங்க.

"அங்கிள், டயட்ல இருக்கீங்களா?"

"ஆமா சிஸ்டர்."

"பசிக்குதா?"

"இல்ல."

"வேர்க்குதா?"

நான் சர்டிஃபிகேட் கதையைச் சொன்னேன். அவங்க சிரிக்கல. "உங்க மாமாவுக்குப் போடறது ஹார்மோன் ஊசி, அவருக்கு அது வரும். உங்களுக்கு அந்த ஊசி யாரு போட்டா?"ன்னு கேட்டாங்க.

யாரும் போடல மாமா.

உடனே டாக்டரைக் கூப்பிட்டாங்க. கழுத்து, அக்குள் எல்லாம் அமுக்கிப் பாத்தாரு. ஸ்கேன், ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட். ரிசல்டுக்கு ஒரு வாரம் ஆகும். ராஜேஷுக்குச் சொல்லிட்டேன். அக்காவுக்கு இப்ப சொல்ல வேணாம்.

சீட்டு இன்னும் கையெழுத்தாகல.

கோவிந்தராஜன்


ஜோகுபாளையம்
21-3-2025

மச்சான்,

லெட்டரைப் படிச்சுட்டு ரெண்டு நாள் ஏரிப் பக்கம் போகல.

எனக்கு ஊசி போட்டாங்க. உனக்குப் போடல. இது ரெண்டாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். எனக்குத் தெரியல. சிரிப்பா எழுதணும், நீ படிச்சுட்டுச் சிரிக்கணும், அது மட்டும்தான் என் மண்டையில இருந்துச்சு. டாக்டர்கிட்ட ஓடினே ஆஸ்பத்திரியே சிரிக்கும்னு எழுதினேனே, அந்த வரியைத் திருப்பி வாங்கிக்க முடியுமாடா? அந்த இன்லண்டு இன்னும் உன்கிட்ட இருந்தா கிழிச்சுப் போடு. இல்ல, வச்சுக்கோ. நான் வந்து என் கையால கிழிக்கறேன்.

ஒண்ணரை மாசம் முன்னாடியே போயிருப்பே. நான் நிறுத்திட்டேன்.

சரசுகிட்ட சொல்லாதேன்னே. ராத்திரி தட்டுல நான் முத்தேயைப் பாதி வச்சேன். நான் மிச்சம் வச்சு அவ பாத்ததில்ல. "என் தம்பிக்கு என்ன?"ன்னா. நேரா அதைத்தான் கேட்டா. சொல்லிட்டேன். அவ என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

என்ன வந்தாலும் எழுது. நல்லது, கெட்டது, ரெண்டும். ஆறேழு கிலோ சேர்த்து எழுதாதே.

கிருஷ்ணப்பா


வைட்ஃபீல்ட்
26-3-2025

அன்புள்ள மாமாவுக்கு,

சேர்க்காம எழுதறேன். திரும்பி வந்துடுச்சு. அக்குள்ல, வயித்துக்குள்ள, ரெண்டு இடத்துல.

பதறாதீங்க, மீதியையும் படிங்க. சின்னதாத்தான் இருக்காம். வேற மருந்து இருக்கு, ஏப்ரல் ரெண்டாம் தேதி ஆரம்பிக்கறாங்க, ஆறு தடவை. கேட்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா கேட்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. மே மாசம் செக்கப் வரைக்கும் விட்டிருந்தா பேச்சே வேறயா இருந்திருக்குமாம். "எப்படி இப்ப வந்தீங்க?"ன்னு கேட்டாரு. "எங்க மாமாவுக்கு வயித்தெரிச்சல், அதுக்குச் சீட்டு வாங்க வந்தேன்"னு சொன்னேன். அவருக்குப் புரியல. ஆஞ்சலா சிஸ்டர் கன்னடத்துல விளக்கிச் சொன்னாங்க.

அந்த இன்லண்டைக் கிழிக்க மாட்டேன். மாமா, நான் ஹெட்கிளார்க்கா இருந்தவன், ஒரு பேப்பரைப் படிச்சா எது சரி, எது தப்புன்னு எனக்குத் தெரியும். நீங்க விளையாட்டா எழுதினீங்க. எனக்குப் பயம், அதனால உங்க விளையாட்டை நிஜம்னு எடுத்துக்கிட்டேன். நீங்க எழுதலைன்னாலும் வேற யாராவது சொல்லி நம்பியிருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்ன ஆளும் நீங்க ஒருத்தர்தான்.

பந்தயத்தைக் கேன்சல் பண்ணிடலாம். மீசை எனக்கு எப்படியும் மே மாசம் கொட்டிடும். உங்களுது இருக்கட்டும், வீட்டுக்கு ஒண்ணாவது வேணும்.

சிஸ்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இதோட வச்சிருக்கேன்.

அன்புடன்,
கோவிந்தராஜன்


ஜோகுபாளையம்
31-3-2025, திங்கள்

டேய் மச்சான்,

பந்தயத்தைக் கேன்சல் பண்ண நீ யாரு? மத்தியஸ்தம் ஆஞ்சலாம்மா. சீட்டு வந்துடுச்சு, கையெழுத்து இருக்கு, கணக்கு முடிஞ்சுது. நேத்து யுகாதி. காலையில வெறும் வயித்துல ஏறி நின்னேன். எம்பத்தெட்டே கால். நான் மூணே முக்கால் கிலோ இறக்கினேன். நீ பன்னெண்டேகால். நீ ஜெயிச்சே. போங்கடிச்சுத்தான் ஜெயிச்சே, ஆனா ஜெயிச்சே.

அதனால இது இன்லண்டு இல்ல, கவரு. பிரிக்கும்போது ஃபேனை நிறுத்து. உள்ள ஒரு பேப்பர் பொட்டலம் இருக்கும். தும்மிடாதே. ஐம்பது வருச மீசை.

பார்பர் ரெண்டு தடவை கேட்டான், "யஜமானரே, நிஜமாவா?"ன்னு. வழிச்சுட்டு வீட்டுக்கு வந்தா உங்க அக்கா கதவைத் திறந்துட்டு, "யாரு வேணும்?"ங்கறா. அப்புறம் ஒரு நிமிஷம் உத்துப் பாத்தா. "பொண்ணு பாக்க வந்தப்ப இந்த மூஞ்சியக் காட்டியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. சமையல் ரூம்ல சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. பத்து நாளைக்கு அப்புறம் சிரிச்சா. அப்புறம் மூக்கு உறிஞ்சற சத்தம். நான் உள்ள போகல.

இன்னொரு சேதி, எனக்குப் பிடிக்காத சேதி. அவ பெட்டி கட்டறா. நாளைக்கு உன் வீட்டுக்கு வரா, ஆறு கீமோவும் முடியற வரைக்கும் அங்கதானாம். இஞ்சி, ரசப்பொடி, அந்தப் பெரிய இரும்புச் சட்டி, எல்லாம் எடுத்து வச்சுட்டா. நானும் வரேன்னேன். "நீங்க வந்தா அவன் சாப்பாட்டையும் சேர்த்துத் தின்னுடுவீங்க"ங்கறா. எனக்கு ஒரு மாசத்துக்கு ராகி மாவு அரைச்சு டப்பால போட்டு, எத்தனை உருண்டைன்னு மூடி மேல எழுதி ஒட்டியிருக்கா. பாத்தியாடா? எடையையும் ஜெயிச்சே, மீசையையும் ஜெயிச்சே, கடைசில என் பொண்டாட்டியையும் தூக்கிட்டே. வயிறு எரியாம என்ன பண்ணும்?

இப்ப புதுப் பந்தயம். ஒத்துக்கறியான்னு கேக்கப் போறதில்ல, ஒத்துக்கணும்.

லிஃப்டுல ஒரு போர்டு இருக்கும், இத்தனை கிலோதான் தாங்கும்னு. மொத்தம்தான் அதுக்குக் கணக்கு. அதுல யாரு எவ்வளவுன்னு அது கேக்காது. எம்பத்தெட்டே காலும் எழுபத்தொண்ணே முக்காலும் கூட்டினா நூத்தி அறுபது. உங்க அக்காவே கூட்டிப் பாத்துச் சொன்னா. தசரா வரைக்கும் இந்த நூத்தி அறுபது மாறக் கூடாது. நான் எவ்வளவு இறக்கறேனோ அதை நீ ஏத்திக்கணும். வாரத்துக்கு அரைக் கிலோ, அதுக்கு மேல நானும் இறக்க மாட்டேன். பார்கவிகிட்ட கேட்டுட்டேன். உனக்கு வேற லிஸ்ட் எழுதித் தருதாம், அதுல நெய்யெல்லாம் இருக்காம். படிக்கும்போதே எனக்கு எச்சி ஊறிச்சு.

உன்னால ஏத்த முடியாத வாரம் வரும். வாந்தி வரும், வாய்ப்புண்ணு வரும், எனக்குத் தெரியும். அந்த வாரம் நூத்தி அறுபதைக் காப்பாத்தற வேலை என்னுது. கோழிக் குழம்புக்கு நான் போயிக்கறேன். உனக்காகத்தான்.

வேர்த்தா எழுது. வேர்க்கலைன்னாலும் எழுது. ஆனா அதுக்கு என்கிட்ட அர்த்தம் கேக்காதே, ஆஞ்சலாம்மாகிட்ட கேளு. நான் லிஃப்ட்காரன்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மெட்ரோ பிடிச்சு வருவேன். வீட்டு மெஷினை நான் நம்பறதில்லன்னு உனக்குத் தெரியும். உங்க அபார்ட்மெண்டு லிஃப்டு வரைக்கும் நீ வா, ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுவோம். முதல்ல நான் ஏறி நிக்கறேன். அப்புறம் நீ வா.

மெதுவா வா. ஆனா கால நல்லா அழுத்தி வை. என் காலு கவனிச்சுட்டிருக்கும்.

மொழுமொழு மூஞ்சி மாமா,
கிருஷ்ணப்பா